அக்யூரேட்டும் ப்ரிசைஸும் ஒன்றா? ஒன்றை வெட்டிவிடலாமா?

மார்ச் 3, காலை | கேட்டவர்

ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்றின் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்திலேயே கருவியைப் பற்றி "அக்யூரேட் அண்ட் ப்ரிசைஸ்" என்று வருகிறது. எந்த அகராதியைத் திறந்தாலும் இரண்டுக்கும் "துல்லியமான" என்றே இருக்கிறது. "துல்லியமான மற்றும் துல்லியமான" என்றா எழுத முடியும்? ஆங்கிலத்தில் அழுத்தத்துக்காக இரட்டைச் சொல் போட்டிருக்கிறார்கள், பொருள் ஒன்றுதான், ஒன்றை வெட்டிவிடலாம் என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 3, முற்பகல் | ஆங்கில ஆசிரியர்

வெட்டாதீர்கள். பொருள் ஒன்றல்ல.

எதிர்ச்சொல்லை வைத்துப் பார்த்தால் உடனே பிரிந்துவிடும். இனக்யூரேட் என்றால் தப்பு. இம்ப்ரிசைஸ் என்றால் தப்பு இல்லை. பிடிகொடுக்காமல், தோராயமாக, தளர்வாக இருக்கிறது என்று பொருள். "மதுரை சென்னைக்கு வடக்கே இருக்கிறது" என்பது இனக்யூரேட். "மதுரை சென்னைக்குத் தெற்குப் பக்கம் எங்கேயோ இருக்கிறது" என்பது இம்ப்ரிசைஸ். அதில் பொய் இல்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர முடியாது. "மதுரை சென்னையிலிருந்து தெற்கே 212.47 கிலோமீட்டர்" என்று ஒருவர் சொன்னால் அது வெகு ப்ரிசைஸ், முழுக்க இனக்யூரேட்.

அக்யூரேட் என்று சொல்ல வேண்டுமென்றால் வெளியே ஓர் உண்மை இருக்க வேண்டும். அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். ப்ரிசைஸ் என்பதற்கு அந்த ஒப்பீடு வேண்டாம். சொன்ன சொல், காட்டிய எண், செய்த அசைவு எவ்வளவு கூர்மையாக வரையறுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் அது.

மார்ச் 3, மதியம் | கருவிப் பட்டறை

ஆசிரியர் சொன்னது பட்டறையில் காசாகவே தெரியும் தம்பி. வேலை 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட், வரைபடத்தில் சின்ன எச் 7 போட்டிருக்கிறது என்று வையுங்கள். அதாவது 25.000-இலிருந்து 24.979 வரை இருக்கலாம். மொத்த இடம் 21 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று).

அளக்கும் திருகுக் கருவியான மைக்ரோமீட்டரை முழுக்க மூடினால் பூஜ்யம் காட்ட வேண்டும். அதில் 0.03 காட்டுகிறது, யாரும் கவனிக்கவில்லை. ஷாஃப்டை அளந்தால் 25.02. இன்னொரு தடவை அளந்தாலும் 25.02. ஆள் மாற்றி அளந்தாலும் 25.02. கருவி வெகு ப்ரிசைஸ். ஒரே எண்ணை விடாமல் சொல்கிறது. அந்த ஒற்றுமையைப் பார்த்து "அளவு பெருசா இருக்கு" என்று இன்னும் 0.03 கடைந்துவிடுகிறார்கள். இப்போது 24.99 காட்டுகிறது, சந்தோஷம். உண்மையில் முதலிலேயே 24.99-தான் இருந்தது, வேலை சரியாகவே இருந்தது. கடைந்த பிறகு 24.96. சின்ன எச் 7-இன் கீழ்வரம்புக்கும் கீழே போய்விட்டது. வேலை ஸ்கிராப்.

என்ன செய்ய வேண்டும்: இரண்டு முகத்துக்கும் நடுவே சுத்தமான காகிதத்தை வைத்து லேசாக மூடி இழுத்தால் எண்ணெயும் தூளும் போய்விடும். பிறகு கடைசி முனையில் உள்ள ராட்செட்டை இரண்டு மூன்று "டிக்" கேட்கும்வரை திருப்பி மூடுங்கள். கையால் திம்பிளை, அதாவது சுழலும் உருளையை, பிடித்து முறுக்கினால் ஆளுக்கு ஆள் அழுத்தம் மாறும், அங்கே ப்ரிசிஷன் போய்விடும். பூஜ்யக் கோடு 0.01-க்குள் தள்ளியிருந்தால் கூடவே வரும் சாவியால் ஸ்லீவை, அதாவது கோடு போட்ட உள் உருளையை, திருப்பிச் சரிசெய்யலாம். அதற்கு மேல் தள்ளியிருந்தால் திம்பிளைத் தளர்த்தி வைக்க வேண்டும். 25-க்கு மேலான மைக்ரோமீட்டர் என்றால் அதன் கூட வரும், அளவு தெரிந்த தரக்கட்டையை வைத்துப் பாருங்கள், அதை மூட முடியாது.

மார்ச் 3, மாலை | கேட்டவர்

நன்றி அண்ணே. ஒரு சந்தேகம். பத்துத் தடவை அளந்து சராசரி எடுத்தால் இந்தச் சிக்கல் தீராதா? பள்ளிக்கூட ஆய்வகத்தில் அப்படித்தானே சொல்லிக்கொடுத்தார்கள்.

மார்ச் 3, இரவு | அளவியல்

தீராது. இரண்டு சொல்லும் எங்கே பிரிகின்றன என்பதைக் காட்டவே இந்தக் கேள்வி போதும்.

அளவீட்டில் பிழை இரண்டு வகை. ஒன்று சிதறல்: ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. இன்னொன்று சாய்வு: எல்லாத் தடவையும் ஒரே பக்கம் தள்ளி நிற்பது. சராசரி சிதறலை மட்டும் குறைக்கும், அதுவும் வர்க்கமூலக் கணக்கில். 4 தடவை அளந்தால் சிதறல் பாதி. 100 தடவை அளந்தால் பத்தில் ஒன்று. சாய்வை அது தொடவே தொடாது. பட்டறைக்காரர் சொன்ன மைக்ரோமீட்டரில் ஆயிரம் தடவை அளந்தாலும் அந்த 0.03 அப்படியே நிற்கும். எண்ணிக்கை கூடக் கூடத் தவறான எண்ணின் மேல் நம்பிக்கைதான் கூடும்.

ஆகவே மருந்தும் வேறு வேறு. சிதறல் என்றால் அளக்கும் முறையைச் சீராக்கி, பல தடவை அளக்க வேண்டும். சாய்வு என்றால் ஏற்கெனவே மதிப்பு தெரிந்த ஒரு பொருளை அளந்து பார்த்துக் கருவியைத் திருத்த வேண்டும். எது எந்த நோய் என்று தெரியாமல் மருந்து கொடுத்தால் நேரம் வீண்.

மார்ச் 4, காலை | கருவிப் பட்டறை

சாய்வு கருவியில் மட்டும் இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீள அளவுக்கு உலக முழுக்கக் குறிப்பு வெப்பநிலை 20 டிகிரி. எஃகு ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் நீளும். லேத்திலிருந்து இறக்கிய 100 மில்லிமீட்டர் வேலை கருவியைவிட 20 டிகிரி சூடாக இருந்தால் 23 மைக்ரான் பெருத்துக் காட்டும். 100-க்குச் சின்ன எச் 7-இன் மொத்த இடமே 35. அலுமினியம் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பத்துப் பேர் அளந்தாலும் ஒரே எண் வரும், பத்தும் தப்பு. வேலையையும் மைக்ரோமீட்டரையும் ஒரே இரும்புப் பலகையில் கொஞ்ச நேரம் போட்டுவைத்து அளந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எஃகு வேலை, எஃகுக் கருவி, ஒரே சூடு என்றால் இரண்டும் சேர்ந்தே நீளும்.

மார்ச் 4, மதியம் | ரத்தப் பரிசோதனைக்கூடம்

கேள்வி சர்க்கரைக் கருவியில் தொடங்கியது, ஆகவே அங்கே திரும்புகிறேன். இங்கே ஒரு சொல்லை வெட்டினால் நோயாளிக்குத்தான் நஷ்டம்.

வெறும் வயிற்றில் ஒருவருக்கு நரம்பில் எடுத்த ரத்தத்தில் ஆய்வகம் 121 சொல்கிறது. அதே நேரத்தில் விரல் நுனி ரத்தத்தில் முதல் கருவி 142, 139, 144 காட்டுகிறது. இரண்டாவது கருவி 112, 131, 120. பார்த்தவுடன் எல்லோரும் முதல் கருவியைத்தான் நம்புவார்கள், மூன்று எண்ணும் ஒட்டி ஒட்டி நிற்கின்றனவே. ஆனால் அதன் சராசரி ஆய்வக மதிப்பைவிட 17 விழுக்காடு மேலே. இரண்டாவது சிதறுகிறது, ஆனாலும் மூன்றில் எதுவும் 10 விழுக்காட்டைத் தாண்டவில்லை.

இந்தக் கருவிகளுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 15197, 2013 பதிப்பு. நூறுக்கு 95 அளவீடுகள் இந்த வரம்புக்குள் வர வேண்டும்: டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் கூட்டியோ குறைத்தோ 15 மில்லிகிராம், 100-உம் அதற்கு மேலும் என்றால் 15 விழுக்காடு. தரம் கேட்பது ஆய்வகத்தோடு நெருக்கத்தை. எண்கள் தமக்குள் ஒட்டி நிற்பது மட்டும் போதாது.

வீட்டில் ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சாப்பிட்ட பிறகு ஒப்பிடாதீர்கள். அப்போது விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை நரம்பு ரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதல். பழம் தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் எண் ஏறும். ஸ்பிரிட் பஞ்சைவிடத் தண்ணீரில் கழுவித் துடைப்பது நல்லது. ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரம் ஏறிக் கெட்டுப்போகும். கன்ட்ரோல் சொல்யூஷன் என்று ஒன்று உண்டு, அதில் ஒரு சொட்டை ஸ்ட்ரிப்பில் விட்டுப் பாருங்கள். வரும் எண் டப்பாவில் அச்சிட்டிருக்கும் வரம்புக்குள் இருக்க வேண்டும். ஆய்வகத்திலும் சாய்வு வரும். எடுத்த ரத்தத்தை வெறும் குழாயில் அணுக்களைப் பிரிக்காமல் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு சர்க்கரையை ரத்த அணுக்களே தின்றுவிடும். சாம்பல் நிற மூடி போட்ட குழாய் அதைத் தடுக்கத்தான். அதிலும் சீக்கிரம் பிரித்துவிடுவதே முறை.

மார்ச் 4, இரவு | கேட்டவர்

வெட்டும் எண்ணத்தைக் கைவிட்டேன். ஆசிரியர் மேடம், அளவை விட்டுவிட்டுச் சாதாரணப் பேச்சில், எழுத்தில் இரண்டும் எப்படி நடக்கின்றன என்று சொல்ல முடியுமா? "அட் தட் அக்யூரேட் மொமென்ட்" என்று எழுதிய ஒருவரைத் திருத்தினேன். ஏன் என்று கேட்டபோது பதில் வரவில்லை.

மார்ச் 5, காலை | ஆங்கில ஆசிரியர்

அதற்கான காரணம் முதல் குறிப்பிலேயே இருக்கிறது. ஒரு கணத்தை எந்த உண்மையோடு ஒப்பிடுவீர்கள்? கணம் சரியாகவும் இருக்காது, தப்பாகவும் இருக்காது. அந்தக் கணமேதான், முன்னும் இல்லை பின்னும் இல்லை என்று சுட்டுகிறோம். ஆகவே "அட் தட் ப்ரிசைஸ் மொமென்ட்". இதே காரணத்தால் இடம், காரணம், சொற்கள், வரையறை, நோக்கம் ஆகியவற்றோடு ப்ரிசைஸ் ஒட்டும்: "தி ப்ரிசைஸ் லொகேஷன்", "தி ப்ரிசைஸ் ரீசன்", "ஹிஸ் ப்ரிசைஸ் வேர்ட்ஸ்".

உலகத்தைப் பற்றி ஏதோ சொல்கிற பொருள்களோடு அக்யூரேட் ஒட்டும்: செய்தி, வரைபடம், கணிப்பு, நினைவு, மொழிபெயர்ப்பு, ஆவணம், கடிகாரம். "அன் அக்யூரேட் ஃபோர்காஸ்ட்" என்றால் சொன்னபடி மழை வந்தது. "எ ப்ரிசைஸ் ஃபோர்காஸ்ட்" என்றால் மாலை 4.20-க்கு இந்தத் தெருவில் 12 மில்லிமீட்டர் என்று சொன்னார்கள், வந்ததா இல்லையா தெரியாது. "அன் அக்யூரேட் ட்ரான்ஸ்லேஷன்" என்று புகழ்வோம், மூலம் என்ற உண்மை பக்கத்தில் இருக்கிறதே. மொழிபெயர்ப்பைப் ப்ரிசைஸ் என்று புகழ்ந்தால் சொற்தேர்வு கூர்மையானது என்றே படும்.

விவரம் கூட்டும்போது "டு பி ப்ரிசைஸ்" மட்டும்தான் இயல்பு: "அவர் போன மாதம் வந்தார், டு பி ப்ரிசைஸ் 14-ஆம் தேதி." முதல் பாதி தப்பில்லை, கூர்மை போதவில்லை, அவ்வளவே. முன்னே சொன்னது கொஞ்சம் தவறாக இருந்து அதைத் திருத்தும்போது "டு பி மோர் அக்யூரேட்" வரும். நம் மாணவர்கள் இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதை நிறையப் பார்க்கலாம். ஒருவர் சொன்னதை "ஆமாம், அதேதான்" என்று ஆமோதிக்கும்போது "ப்ரிசைஸ்லி!" என்பார்கள், அந்த இடத்தில் "அக்யூரேட்லி!" என்று யாரும் சொல்வதில்லை.

ஆளைப் பற்றிச் சொல்லும்போது கவனம் வேண்டும். "அன் அக்யூரேட் டைப்பிஸ்ட்" என்றால் எழுத்துப்பிழை விடாதவர். "எ வெரி ப்ரிசைஸ் மேன்" என்றால் ஒவ்வொன்றிலும் ஒழுங்கு, ஒவ்வொரு சொல்லிலும் கறார். இடத்தைப் பொறுத்து அது பாராட்டாகவும் இருக்கும், "ரொம்பக் கறாரான ஆள்" என்ற முணுமுணுப்பாகவும் இருக்கும்.

மார்ச் 5, மதியம் | சட்ட ஆவணம்

இன்ஸ்ட்ரக்ஷன்ஸ் என்பதோடு இரண்டும் வருகின்றனவே மேடம்? ஒப்பந்தங்களில் "ப்ரிசைஸ் இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்" அடிக்கடி பார்க்கிறேன்; கருவிக் கையேடுகளில் "அக்யூரேட் இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்".

மார்ச் 5, மாலை | ஆங்கில ஆசிரியர்

இரண்டும் சரி, பொருள் வேறு. வேலை கொடுப்பவர் தருவது ப்ரிசைஸ் இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்: எத்தனை, எப்போது, எந்த நிறம் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்கிறார். அது அவருடைய விருப்பம், அதில் உண்மை பொய் கிடையாது. கையேடு தருவது அக்யூரேட் இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்: "இடது பக்கம் உள்ள பச்சைப் பொத்தானை அழுத்தவும்" என்றால் பச்சைப் பொத்தான் நிஜமாகவே இடது பக்கம் இருக்கிறது. உங்கள் துறையில் ஷரத்து இம்ப்ரிசைஸாக இருந்தால் வழக்கு வரும். சொத்து விவரப் பட்டியல் இனக்யூரேட்டாக இருந்தால் பத்திரமே சிக்கலாகும். இரண்டுக்கும் வேறு வேறு வைத்தியம்.

மார்ச் 6, காலை | மாணவர்

இலக்குப் பலகையில் அம்பு குத்திய நான்கு படங்கள் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. நடுவைச் சுற்றிச் சிதறியிருந்தால் "அக்யூரேட், ஆனால் ப்ரிசைஸ் இல்லை" என்று போட்டிருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

மார்ச் 6, மதியம் | அளவியல்

பள்ளி அளவில் போதும், தரச் சான்றிதழ் எழுதும்போது போதாது. சிதறிய அம்புகளில் ஒன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். அது நடுவில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது. அதை அக்யூரேட் என்று எப்படிச் சொல்வது? எல்லா அம்புகளின் சராசரிதான் நடுவில் இருக்கிறது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1994-இல் வந்த ஐஎஸ்ஓ 5725 மூன்றாவது சொல் ஒன்றைக் கொண்டுவந்தது: ட்ரூனெஸ். பல அளவீடுகளின் சராசரி உண்மை மதிப்புக்கு எவ்வளவு அருகில் என்பது ட்ரூனெஸ். அளவீடுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பது ப்ரிசிஷன். இரண்டும் சேர்ந்ததுதான் அக்யூரஸி. இந்த வழக்கில் "அக்யூரேட், ஆனால் ப்ரிசைஸ் இல்லை" என்று ஒரு கருவியைச் சொல்வது சிரமம். படத்தில் அந்த இடத்தில் "ட்ரூ, ஆனால் ப்ரிசைஸ் இல்லை" என்று வர வேண்டும்.

ஆகவே பழைய புத்தகம், புதிய தரம் இரண்டையும் கலந்து படிப்பவர்கள் ஒரு விஷயத்தை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்: இந்த ஆவணத்தில் அக்யூரஸி என்றால் சாய்வு மட்டுமா, சாய்வும் சிதறலும் சேர்ந்ததா? ஆய்வகக்காரர் சொன்ன சர்க்கரைக் கருவித் தரம் இரண்டாவது வகை. அளவீடுகளைத் தனித்தனியாகத்தான் வரம்போடு ஒப்பிடுகிறது, சராசரியைக் கேட்கவில்லை. நோயாளி ஒரு தடவைதானே குத்திக்கொள்கிறார்.

இன்னொன்று. சர்வதேச அளவியல் சொற்கோவை அக்யூரஸியை ஓர் எண்ணாகச் சொல்லக் கூடாது என்கிறது. "இது அதைவிட அக்யூரேட்" என்று ஒப்பிடலாம். எண் வேண்டும் என்றால் நிச்சயமின்மையை எழுத வேண்டும்: 25.02 மில்லிமீட்டர், கூட்டியோ குறைத்தோ 0.01. விளம்பரத் தாள்களில் "அக்யூரஸி 0.5 விழுக்காடு" என்று போடுவது பழக்கத்தில் நிலைத்துவிட்டது, ஆனால் சான்றிதழில் அப்படி எழுதினால் தணிக்கையில் கேள்வி வரும்.

மார்ச் 6, இரவு | ரத்தப் பரிசோதனைக்கூடம்

மிகச் சிறிய அளவு திரவத்தை அளந்து எடுக்கும் மைக்ரோபிப்பெட்டுக்கான தரத்தில், அதாவது ஐஎஸ்ஓ 8655-இல், சாய்வுக்கும் சிதறலுக்கும் தனித்தனிப் பத்தியே இருக்கிறது. 1000 மைக்ரோலிட்டர் பிப்பெட்டுக்குச் சாய்வு 8 மைக்ரோலிட்டர் வரை, சிதறல் 3 வரை.

சரிபார்க்கக் காய்ச்சி வடித்த தண்ணீரைப் பத்துத் தடவை எடுத்து எடை போடுவார்கள். இங்கே பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டு திருத்துகிறார்கள். நம் ஊர் அறையில் 27 டிகிரி. அங்கே காற்றில் எடை போட்டால் 1000 மைக்ரோலிட்டர் 0.9955 கிராம்தான் வரும். அதை 1.0000 ஆக்கத் திருகைத் திருப்பினால் நல்ல பிப்பெட்டில் கையோடு 4.5 மைக்ரோலிட்டர் சாய்வை ஏற்றிவிட்டதாக ஆகும். அனுமதித்த 8-இல் பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டது. பத்து எடையும் பளிச்சென்று ஒன்றாக இருக்கும், ஏனென்றால் சிதறலில் கோளாறே இல்லை.

மார்ச் 7, காலை | வானியல்

சாய்வைப் பற்றிய பேச்சு இவ்வளவு தூரம் வந்த பிறகு ஹப்பிள் தொலைநோக்கியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1990 ஏப்ரலில் மேலே போனது. 2.4 மீட்டர் முதன்மைக் கண்ணாடி. அதன் பரப்பை நானோமீட்டர் கணக்கில் இழைத்திருந்தார்கள். அதற்கு முன் அந்த அளவுக்கு ப்ரிசைஸாக இழைத்த கண்ணாடி இல்லை என்றே சொல்லலாம். படம் வந்தபோது விண்மீன்கள் கலங்கித் தெரிந்தன.

இழைக்கும்போது வடிவத்தைச் சோதித்த ஒளியியல் கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. கண்ணாடி அந்தத் தவறான வடிவத்துக்கு மிக நேர்த்தியாக இழைக்கப்பட்டது. விளிம்பில் சுமார் 2.2 மைக்ரான் கூடுதல் தட்டை. பிழை நாள்பட மறைந்திருந்ததற்குக் காரணம் முக்கியமானது: எளிய வேறு சோதனைக் கருவிகள் ஏதோ சரியில்லை என்று காட்டின. புதிய கருவியே நுட்பமானது, பழையவை மட்டமானவை என்று அந்த எச்சரிக்கையை ஒதுக்கிவிட்டார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்த ஒளியியலைப் பொருத்தினார்கள். பிழை நடுவிலிருந்து விளிம்புவரை ஒழுங்காக, கணக்கிட்டுச் சொல்லக்கூடியதாக இருந்ததால்தான் அதற்கு மூக்குக்கண்ணாடி போட்டதுபோல் திருத்த முடிந்தது. பிழை தாறுமாறாகச் சிதறியிருந்தால் அந்த வழியே இருந்திருக்காது. ப்ரிசிஷனைக் குறைத்து மதிப்பிடாதீர்கள் என்பதற்கும் இதுவே சான்று.

மார்ச் 7, மதியம் | நில அளவை

கைப்பேசியில் இடத்தை அழுத்தினால் தசமப் புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கம் காட்டும். ஐந்தாவது இலக்கம் ஏறக்குறைய 1.1 மீட்டர், ஆறாவது 11 சென்டிமீட்டர். ஆனால் திறந்த வெளியில் நல்ல கைப்பேசியின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வட்டத்துக்குள்தான் நம்பகமானது. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அதுவும் இல்லை. எண் ப்ரிசைஸ், இடம் அவ்வளவு அக்யூரேட் இல்லை. இந்த ஆறு இலக்கத்தை வைத்து வேலிக்கல் நட்டு, பக்கத்து நிலத்துக்காரரோடு மனத்தாங்கலாகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், எல்லைக்கு அளவைக் கல்லும் நில அளவரும்தான்.

பட்டறைக்காரர் சொன்ன சூடு விஷயம் நில அளவையில் மிகப் பழையது. 1802-இல் லாம்ப்டன் என்ற பிரிட்டிஷ் நில அளவர் சென்னைப் பரங்கிமலையிலிருந்து தெற்கே ஏழரை மைல் அடிக்கோடு அளந்தார். நூறடி எஃகுச் சங்கிலி, சுமார் 400 தடவை. வெயிலில் சங்கிலி 10 டிகிரி சூடேறினால் ஒரு வீச்சுக்கு மூன்றரை மில்லிமீட்டர் நீளும். 400 வீச்சுக்கு 1.4 மீட்டர். எல்லாம் ஒரே பக்கம் போகும், சராசரியில் கழியாது. அதனால் சங்கிலியைப் பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து, ஒவ்வொன்றுக்கும் வெப்பத் திருத்தம் போட்டார்கள். அந்த அடிக்கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாகப் போய்த்தான் பிறகு இந்தியா முழுக்க அளந்தார்கள். அடியில் ஒரு சாய்வு இருந்திருந்தால் அது அத்தனை முக்கோணத்துக்கும் ஏறியிருக்கும்.

மார்ச் 8, காலை | செய்திப் பிரிவு

மொழிபெயர்க்கும்போது நாமே இல்லாத ப்ரிசிஷனை உண்டாக்குகிறோம், அதையும் சேர்க்க வேண்டும். மூலத்தில் "அபவுட் எ ஹண்ட்ரட் மைல்ஸ்" என்று இருக்கும். கணிப்பானில் தட்டி "சுமார் 160.93 கிலோமீட்டர்" என்று போட்டுவிடுவார்கள். நூறு என்பது தோராயம். தமிழில் 160 போதும். "சுமார்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தசமப் புள்ளி வந்தாலே நின்று பார்க்க வேண்டும்.

உடல் வெப்பநிலை 98.6 என்பதும் இப்படி வந்ததே. 19-ஆம் நூற்றாண்டில் வுண்டர்லிஷ் என்ற ஜெர்மன் மருத்துவர் ஏராளமானவர்களை அளந்து 37 செல்சியஸ் என்ற முழு எண்ணைத் தந்தார். அதைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றியபோது 98.6 வந்தது. அந்தப் புள்ளி ஆறு மனித உடம்பிலிருந்து வரவில்லை, பெருக்கலிலிருந்து வந்தது. 98.8 பார்த்துப் பதறும் பெற்றோருக்கு இதைத் தெளிவாக எழுதிவைப்பது பத்திரிகையின் கடமை என்று நினைக்கிறேன்.

மார்ச் 8, மாலை | தரவு

ஒரு எச்சரிக்கை. இயந்திரக் கற்றலில் இதே இரண்டு சொல்லும் வேறு பொருளில் நடக்கின்றன. மேலே சொன்ன எதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள்.

ஆயிரம் குறுஞ்செய்தியில் 20 மோசடி. ஒரு நிரல் 25-ஐ மோசடி என்று பிடிக்கிறது, அதில் 15 நிஜமானவை. பிடித்ததில் எத்தனை நிஜம் என்பது ப்ரிசிஷன்: 25-க்கு 15, அதாவது 60 விழுக்காடு. மொத்தத்தில் எத்தனை முடிவு சரி என்பது அக்யூரஸி: 15 மோசடியும் 970 நல்ல செய்தியும், 985, 98.5 விழுக்காடு. எதையுமே பிடிக்காத நிரலுக்கும் 98 விழுக்காடு அக்யூரஸி கிடைத்துவிடும் என்பதால் அந்த எண்ணை மட்டும் காட்டுபவரிடம் எத்தனை மோசடி தப்பியது என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பவர்கள் இங்கே இரண்டையும் தமிழ்ப்படுத்தாமல் ஒலிபெயர்த்து, பக்கத்திலேயே கணக்கைச் சொல்லிவிடுவதுதான் பாதுகாப்பு.

மார்ச் 9, காலை | கேட்டவர்

என் வரி இப்போது இப்படி: "இக்கருவி காட்டும் அளவு ஆய்வக அளவுக்கு நெருக்கமாக இருக்கும், ஒரே ரத்தத்தை மறுபடி சோதித்தாலும் ஏறக்குறைய அதே அளவைக் காட்டும்." நீளமாகிவிட்டது. ஒரே சொல்லாக ஏதாவது கிடைக்குமா?

மார்ச் 9, முற்பகல் | ஆங்கில ஆசிரியர்

நீளமாகவே இருக்கட்டும். கையேட்டைப் படிப்பவர் கருவியை வைத்துக்கொண்டு என்ன எதிர்பார்க்கலாம் என்று அதில் நேராகத் தெரிகிறது. உள்ளே பட்டியலில் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் அக்யூரஸிக்குத் "துல்லியம்", ப்ரிசிஷனுக்கு "மறுஅளவு ஒற்றுமை" என்று வைத்து, முதல் பக்கத்திலேயே விளக்கிவிடுங்கள். பட்டியலுக்குள் மாற்றி மாற்றி எழுதாமல் இருப்பதுதான் முக்கியம்.

மார்ச் 9, இரவு | நகைக்கடை

எங்களிடம் 0.01 கிராம் காட்டும் மின்னணுத் தராசு. டெல்லியில் சான்று பெற்று வந்தது. சென்னையில் 100 கிராம் படிக்கல்லுக்கு 99.91 காட்டுகிறது, எத்தனை தடவை வைத்தாலும் அதே. தராசு கெட்டுவிட்டதா?

மார்ச் 10, காலை | அளவியல்

கெடவில்லை. மின்னணுத் தராசு உணர்வது கல்லின் மேல் பூமி இழுக்கும் விசையை. டெல்லியில் ஈர்ப்பு சுமார் 9.791, சென்னையில் 9.783, வித்தியாசம் பத்தாயிரத்தில் எட்டு ஒன்பது. நூறு கிராமுக்கு அதுதான் அந்த 0.09. இரண்டு தட்டுத் தராசில் இது வராது, கல்லையும் நகையையும் ஒரே ஈர்ப்புதான் இழுக்கிறது.

வைத்த இடத்திலேயே மறுபடி திருத்த வேண்டும். மின்விசிறிக் காற்று படாத, ஆடாத மேசையில் வைத்து நீர்மட்டக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அரை மணி நேரமாவது மின்சாரத்தில் விட்டு வையுங்கள். படிக்கல்லைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள். கல்லின் வகுப்பையும் பாருங்கள்: 100 கிராமுக்கு எம்1 வகுப்பு என்றால் கல்லிலேயே 5 மில்லிகிராம் வரை பிழை இருக்கலாம், உங்கள் தராசு காட்டும் 0.01 கிராமில் பாதி. எஃப்2 என்றால் 1.6 மில்லிகிராம், அதை வாங்குங்கள். வியாபாரத் தராசு என்பதால் திருத்திய பிறகு சட்டமுறை எடையளவுத் துறையின் முத்திரை புதிதாக வேண்டும். முத்திரை இட்ட திருகை நீங்களே திறக்காதீர்கள். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரை வரவழையுங்கள்.